உப்பு தின்னும் மிஷின்

சுப்பராயலு வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து தண்ணீர் மிஷின் வந்து சேர்ந்ததற்குக் காரணம், அவருடைய மைத்துனன் சக்கரபாணியின் தலைமுடி. எண்பத்து நான்காம் வருஷம் லீவில் வந்த சக்கரபாணி, திண்டிவனத்தில் அக்கா அம்சவள்ளி வீட்டில் தங்கி, போர்வெல் தண்ணீரில் தலை குளித்தான். சீப்பில் வந்த முடியை ஒவ்வொரு நாளும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். கிளம்பும்போது, "அடுத்த தடவ நான் வர்றதுக்குள்ள இந்தத் தண்ணிக்கு ஒரு வழி பண்றேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். மறு வருஷம் அந்த வழி ஒரு மரப்பெட்டிக்குள் அடைபட்டு மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியது. சக்கரபாணி வரவில்லை.

பெட்டியைப் பிரித்தபோது நெஞ்சு உயரத்துக்கு ஓர் உருளை இருந்தது. அதற்குத் துணையாக மூடி போட்ட ஒரு பீப்பாய். உருளையின் தலையில் கடிகாரம் வைத்த ஒரு சின்னப் பெட்டி. தண்ணீருக்கு அழுத்தம் போதாவிட்டால் வைத்துக்கொள்ள ஒரு குட்டி மோட்டார். அந்த ஊர் மிஷினுக்கு நம் ஊர்க் கரண்டு ஆகாது என்று யாரோ சொன்னதால், கரண்டைப் பாதியாகக் குறைக்கிற டிரான்ஸ்பார்மர் ஒன்றையும் மெட்ராஸிலேயே வாங்கிக்கொண்டு வந்தார் சுப்பராயலு. எல்லாவற்றையும் தோட்டத்தில் குளியலறைச் சுவரோரமாக நிற்க வைத்துக் குழாய் மாட்டினார்கள்.

மிஷின் செய்த வேலை இதுதான். உருளைக்குள் ஜவ்வரிசி மாதிரிப் பழுப்புக் குருணைகள் இருந்தன. மேல்தொட்டித் தண்ணீர் அவற்றின் வழியே இறங்கும்போது, தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பைக் குருணைகள் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்துப் பிடித்து நிறைந்துவிட்டால், பக்கத்துப் பீப்பாயிலிருந்து உப்புத் தண்ணீரை உறிஞ்சித் தம்மைக் கழுவிக்கொள்ளும். கழுவின தண்ணீர் சாக்கடைக்குப் போகும். எந்த நாளில், எந்த நேரத்தில், எவ்வளவு உப்பில் கழுவுவது என்பதை மட்டும் மனிதர்கள் அந்தக் கடிகாரப் பெட்டியில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

குழாய் மாட்ட வந்தவர் சொல்லி வைத்துவிட்டுப் போனார். பெட்டியில் பல் சக்கரம் போல ஒன்று இருந்தது; அதைச் சுற்றிப் பன்னிரண்டு தகட்டு நாக்குகள். ஒரு நாக்கு ஒரு நாள். வெளியே இழுத்துவிட்டால் அன்றைக்குக் கழுவும். அவர் எல்லா நாக்கையும் வெளியே இழுத்துவிட்டார். உப்புக்கு ஒரு திருகு இருந்தது. அதைப் போகிற மட்டும் திருகினார். "நல்லா வேல செய்யும் சார்" என்றார்.

நன்றாகத்தான் வேலை செய்தது. அந்த வீட்டில் துவரம்பருப்பு முதல் முறையாக முழுசாக வெந்தது. பெரிய பெண் குளியலறைக்குள் போனால் நுரையை விட்டு வெளியே வர மனசில்லாமல் அரைமணி நேரம் இருந்தாள். அம்சவள்ளி வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்த ஏட்டைச் சுத்தியலால் தட்டி எடுத்தாள். அது மறுபடி படியவில்லை. மிஷினுக்கு ஒரே ஒரு சுபாவக் கோளாறு. கண்ட நேரத்தில் உறுமும். ஒரு நாள் விடியலில், இன்னொரு நாள் பூஜை நேரத்தில். உறுமும்போது குழாயைத் திறந்தால் தண்ணீர் கரித்தது. உறுமினால் குழாயைத் தொடக் கூடாது என்று அம்சவள்ளி வீட்டில் சட்டம் போட்டுவிட்டாள்.

உப்பு மட்டும் வாரம் ஒரு மூட்டை போயிற்று.

மரக்காணத்து உப்பளம் பக்கத்திலேயே இருந்ததால் உப்பு கிடைப்பதில் கஷ்டமில்லை. மாட்டு வண்டியில் உப்பு கொண்டுவருகிறவர் மூன்றாவது மூட்டையை இறக்கும்போது, "கருவாடு போடறீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்றார் சுப்பராயலு. பின் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அடுத்த முறை வரும்போது தோட்டத்துப் பக்கம் முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

உப்பு வாங்குவதில் இல்லை பிரச்சினை. அது போகிற இடத்தில் இருந்தது. மிஷின் கழுவிக் கொட்டின தண்ணீர் தோட்டத்து வாய்க்காலில் ஓடி, மதிலுக்கு அடியில் இருந்த சந்தில் நுழைந்து, பக்கத்து வீட்டு முருங்கை மரத்தடியில் போய் நின்றது. பக்கத்து வீடு சுப்பராயலுவின் அண்ணன் தாண்டவராயனுடையது. சுப்பராயலுவும் தாண்டவராயனும் மூன்று வருஷமாகப் பேசுவதில்லை.

பேச்சு நின்றது ஒரு கல்யாணப் பத்திரிகையில். தாண்டவராயன் வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்தார்; ஊர் வழக்கில் மல்லாட்டை மண்டி. தன் மகளை விழுப்புரத்தில் கட்டிக் கொடுத்தபோது அவர் அடித்த பத்திரிகையில் பெண்ணின் தாய்மாமன்கள் இருந்தார்கள், மாப்பிள்ளையின் பெரியப்பாக்கள் இருந்தார்கள், மண்டிக் கூட்டாளிகூட இருந்தார். சித்தப்பா சுப்பராயலு இல்லை. சுப்பராயலு கல்யாணத்துக்குப் போனார். முதல் வரிசையில் உட்கார்ந்தார். தாலி கட்டினதும் எழுந்து, சாப்பிடாமல், அடுத்த பாசஞ்சரில் ஊர் திரும்பினார். அதற்குப் பிறகு மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம்.

முருங்கை இலை பழுக்க ஆரம்பித்ததும் தாண்டவராயன் பேச வேண்டியதாயிற்று. தம்பியிடம் பேச முடியாதாகையால் மரத்திடம் பேசினார்.

"ஏ முருங்க! உன்ன உப்புல ஊற வெக்கிறவன் எவன்? ஊறுகா போட்டு அமெரிக்காவுக்கு அனுப்பப் போறானாமா?"

சுப்பராயலு இந்தப் பக்கம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மிஷினிடம் சொன்னார்: "உனக்குக் காது நல்லாக் கேக்கும். அதுங்க கத்தினா கத்திக்கினு போவட்டும்."

"நம்ம கெணறு இருக்குது பாரு," என்று முருங்கையிடம் தொடர்ந்தார் தாண்டவராயன், "அப்பா தோண்டின கெணறு. இந்த வருஷம் கல்கண்டு மாதிரி இனிச்சுக்கினு வருது. எந்த மிஷினும் வேணாம். பருப்பு பூவா வேவுது. எவனுக்குத் தெரியுது அருமை."

சுப்பராயலுவுக்கு இது வலித்தது. அதே கிணற்றுத் தண்ணீரில்தான் அவரும் வளர்ந்தார். அதில் பருப்பு வெந்து அவர் பார்த்ததில்லை. ஆனாலும் மரத்தைப் பார்த்தபோது அவருக்கே சங்கடமாக இருந்தது. அண்ணன் வீட்டு மரமானாலும் மரம் என்ன செய்தது? உப்பைக் குறைத்தாக வேண்டும் என்று முடிவு செய்தார்.

சுப்பராயலு விழுப்புரத்தில் பொதுப்பணித் துறை ஆபீசில் சூப்பரின்டென்ட். தினமும் காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவார். அதே பெட்டியில் கிருஷ்ணசாமி என்று ஒருவர் வருவார். விழுப்புரம் லோகோ ஷெட்டில் கெமிஸ்ட். நீராவி எஞ்சின்களுக்கு ஊற்றுகிற தண்ணீரைப் பரிசோதிப்பதும் மிருதுவாக்குவதும் அவர் வேலை. சீட்டாட்டத்தில் தோற்றால் எதிராளியின் ஜாதகத்தைக் குறை சொல்கிற ஆள், மற்றபடி நல்லவர். சுப்பராயலு ஒரு பாட்டிலில் போர்வெல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தார்.

மறுநாள் கிருஷ்ணசாமி மயிலம் ஸ்டேஷன் தாண்டியதும் சீட்டுக்கட்டைக் கீழே வைத்தார்.

"இந்தத் தண்ணிய நான் எஞ்சின்ல ஊத்தினா அது பாண்டிச்சேரி போவாது சார். வளவனூர்லயே குந்திக்கும். ஆமா, உப்புத் திருக எங்க வெச்சிருக்கீங்க?"

"கடைசியில."

"ஏன் கடைசியில?"

"அதுக்கு மேல போகலீங்க."

"சார், பாதி உப்பு போட்டாலே குருணை முக்கால்வாசி சுத்தமாயிடும். மீதி இருக்கிற கால்வாசிக்காகத்தான் இன்னொரு பாதி உப்ப நீங்க கொட்டிக்கினு இருக்கீங்க. அதுல பெரும்பங்கு எதையும் கழுவாம நேரா சாக்கடைக்குப் போவுது. குருணை தங்கம் மாதிரி மின்னணும்னு ஆசப்படாதீங்க. முக்கால்வாசி போதும். அப்புறம், தெனமும் எதுக்குக் கழுவறீங்க? அழுக்காவுறதுக்கு முன்னால வேட்டியத் தொவைப்பீங்களா?"

"எத்தன நாளைக்கு ஒருக்காக் கழுவலாம்?"

"வீட்ல எத்தன பேரு?"

"அஞ்சு பேரு. நான், சம்சாரம், ரெண்டு பொண்ணு, ஒரு பையன்."

கிருஷ்ணசாமி சிகரெட் அட்டையின் பின்னால் கணக்குப் போட்டார். பாதி உப்பு, நாலு நாளைக்கு ஒரு முறை. அன்று மாலையே சுப்பராயலு திருகைப் பாதிக்கு இறக்கி, மூன்று நாக்குகளை மட்டும் வெளியே விட்டு மற்றதையெல்லாம் உள்ளே தள்ளினார். மனசுக்குள் உப்பு மூட்டைகளை எண்ணிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

இரண்டாம் நாளே பருப்பு வேகவில்லை.

"உங்க கணக்கு பேஜாரா இருக்குதே சார்" என்றார் சுப்பராயலு ரயிலில்.

கிருஷ்ணசாமிக்குக் கோபம் வந்தது. அவருடைய கணக்கில் எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. "கணக்கு தப்பாவாது. ஒரு நாளைக்கு எத்தன தடவ தொட்டி நெறையுதுன்னு பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் இருந்து பார்த்தார். தொட்டி ஒரு முறைதான் நிறைந்தது. கிழமை நாட்களில் எத்தனை என்று சின்னப் பெண்ணைக் கேட்டார். அவள், "ரெண்டு" என்று சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்சவள்ளி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரையில் புழு இருக்கிறதா என்று அவ்வளவு கவனமாக அவள் பார்த்து சுப்பராயலு கண்டதில்லை.

"அஞ்சு பேருக்கு இவ்ளோ தண்ணியா?" என்று கேட்டார் கிருஷ்ணசாமி. "வீட்ல யான கீன கட்டி வெச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப எங்கியோ ஒழுவுது. லீவு போட்டுத் தேடுங்க."

செவ்வாய்க்கிழமை லீவு போட்டார். அதை வீட்டில் சொல்லவில்லை. எப்போதும்போலப் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன்வரை போய், ரயில் புறப்பட்டதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது. ஒழுகுகிற குழாய் மனிதர்களை ஏமாற்றுவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

தோட்டத்து வழியாக நுழைந்தார். துவைக்கும் கல் பக்கத்துக் குழாயில் ஒரு பச்சை டியூப் மாட்டியிருந்தது. அது கனகாம்பரச் செடிகளுக்குப் பின்னால் மறைந்து, மதில்மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. இந்தப் பக்கம் அம்சவள்ளி கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். மதிலுக்கு மேலே அண்ணி கோவிந்தம்மாளின் தலையும், அவள் கையில் ஒரு முறுக்கும் தெரிந்தன. அம்சவள்ளி கையிலும் ஒரு முறுக்கு இருந்தது.

மூன்று வருஷம் கழித்து அந்தக் குடும்பத்திலிருந்து அவரிடம் சொல்லப்பட்ட முதல் வார்த்தை கோவிந்தம்மாளுடையதாக இருந்தது.

"என்னா தம்பி, இன்னிக்கி ஆபீசு இல்லையா?"

"லீவு அண்ணி" என்றார் சுப்பராயலு.

கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"எத்தன நாளா?" என்று மனைவியைக் கேட்டார்.

"மிஷின் வந்த மூணாம் நாள்லேர்ந்து" என்றாள் அம்சவள்ளி. "அக்கா ஒரு குடம் பருப்புக்குக் கேட்டாங்க. அப்புறம் பெரிய மாமா வேட்டி வெள்ளையா வருதுன்னாங்க. குடத்துல தூக்கித் தூக்கி இடுப்பு வுட்டுப்போச்சு. அதான் டியூபு."

"நீங்க பேசிக்கிறதே இல்லன்னு நெனச்சேன்."

"யாரு பேசிக்கல? நீங்க ரெண்டு பேருதான் பேசிக்கல. எங்களுக்கு என்னாத்துக்கு?"

"அண்ணனுக்குத் தெரியுமா?"

மதிலுக்கு மேலே இருந்த தலை வேகமாக ஆடியது. "ஐயோ, தெரிஞ்சா வாயில ஊத்த மாட்டாரு தம்பி. கெணறு இனிக்குதுன்னு மண்டி பூரா சொல்லிக்கினு திரியிறாரு. நான் என்னாத்தச் சொல்றது?"

சுப்பராயலு கோபப்படப் பார்த்தார். கோபம் பாதி வழி வந்து நின்றுவிட்டது. அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி குறுக்கே வந்தது: கணக்கு தப்பில்லை. அந்த வீட்டில் அண்ணன், அண்ணி, இரண்டு பையன்கள். நாலும் ஐந்தும் ஒன்பது. ஒன்பது பேருக்கு அந்தத் தண்ணீர் சரியாக இருந்தது.

"டியூப எடுக்கட்டுமா?" என்று அம்சவள்ளி கேட்டாள்.

அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மிஷின் முன்னால் உட்கார்ந்து, நாக்குகளை ஒவ்வொன்றாக இழுக்க ஆரம்பித்தார். பாதி உப்பு, ஒன்றுவிட்டு ஒரு நாள். அதோடு, கடிகாரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். கழுவுகிற நேரம் ராத்திரி இரண்டு மணி என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. இத்தனை நாளும் மணியைச் சரியாக வைக்காததால்தான் கண்ட நேரத்தில் உறுமியது என்று அவருக்கு விளங்கியது.

"இனிமே ராத்திரியிலதான் கழுவும்" என்று இரண்டு பெண்களுக்கும் பொதுவாகச் சொன்னார். "பகல்ல எப்ப வேணாலும் குழாயத் தொறங்க. பயமே வேணாம்."

முறுக்கு நன்றாக இருந்ததென்று மாலையில் சொன்னார். அம்சவள்ளி அவருக்கும் ஒன்று எடுத்து வைத்திருந்தாள்.

உப்புச் செலவு கால்வாசியாகக் குறைந்துபோயிற்று. வண்டிக்காரர் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கருவாட்டுத் தொழில் நொடித்துப்போய்விட்டது என்று எண்ணிப் பரிதாபமாகப் போனார். பருப்பு இரண்டு வீட்டிலும் வெந்தது. சுப்பராயலு தந்த வாக்குறுதியை நம்பி அம்சவள்ளி மிஷினின் உறுமலுக்குக் காது கொடுப்பதை விட்டாள். காலையில் டியூபை மாட்டித் திறந்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனாள்.

அடுத்த வாரம் தாண்டவராயன் வீட்டுக்கு விழுப்புரத்துச் சம்பந்தி வந்தார். அன்று மத்தியானம் மிஷின் உறுமியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. உப்புத் தண்ணீர் உருளைக்குள் நிற்கும்போதே கரண்டு போயிற்று. மோட்டாரும் மிஷினும் அப்படியே நின்றன. உள்ளே இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக டியூப் வழியே மதில் தாண்டிப் போய்க் கோவிந்தம்மாளின் செப்புத் தவலையை நிரப்பியது. அவள் அதிலிருந்து காபி போட்டாள்.

சம்பந்தி மரியாதை தெரிந்தவர். டம்ளர் முழுவதையும் குடித்தார். "காபி திட்டமா இருக்குது" என்றார். இன்னொரு டம்ளர் வேண்டுமா என்று கோவிந்தம்மாள் கேட்டபோது இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். பிறகுதான் தாண்டவராயன் தன் டம்ளரை எடுத்து வாயில் வைத்தார்.

மாலை ரயிலில் வந்து இறங்கிய சுப்பராயலு, வீட்டுக்குள் நுழைந்தபோது அம்சவள்ளி கூடத்தில் நின்றுகொண்டு கண்ணாலேயே தோட்டத்தைக் காட்டினாள். தோட்டத்தில், மிஷினுக்கு முன்னால், தாண்டவராயன் நின்றிருந்தார். வெள்ளை வெளேரென்று வேட்டி. கையில் ஒரு டம்ளர்.

"குடிச்சிப் பாரு" என்றார்.

சுப்பராயலு வாங்கிக் குடித்தார். "உப்பு."

"எங்க வீட்டுக் காபி."

சுப்பராயலு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். உங்கள் வீட்டுக் காபிக்கு என்னை ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்கலாம். கேட்டால் அண்ணன் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு பேரும் மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அவ எல்லாத்தயும் சொல்லிட்டா" என்றார் தாண்டவராயன் கடைசியில். "கெணறு இனிக்குதுன்னு ஊரு பூரா சொல்லி வெச்சிருக்கேன்டா. மண்டிக்கு வர்றவன்லாம் வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு குடிச்சிட்டுப் போறான். மைலத்துலேர்ந்து ஒருத்தன் கெணறு தோண்டலாமான்னு என்னை வந்து யோசன கேட்டுக்கினு போனான்."

"என்னா சொன்னீங்க?"

"அப்பா தோண்டின ஆழத்துக்குத் தோண்டச் சொன்னேன்."

சுப்பராயலு சிரிக்கவில்லை. சிரித்தால் இன்னும் மூன்று வருஷம் ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தாண்டவராயன் மதிலுக்கு மேலே தெரிந்த முருங்கையின் தலையைப் பார்த்தார். அதில் இலையைவிடக் குச்சி அதிகமாக இருந்தது. "கழுவுற உப்புதான் அங்க போவுதா?"

"ஆமாங்கண்ணா."

"தண்ணி எவ்ளோ செலவாவுதோ, அதுக்குத் தகுந்த மாதிரிதான் உப்பும் செலவாவும். இல்லியா?"

"ஆமாங்கண்ணா."

"அப்ப என் மரத்துக்கு உப்பு வெச்சது நானே."

"முழுசா இல்லீங்க. ஒம்போதுல நாலு பங்குதான் நீங்க. மீதி அஞ்சு நாங்க."

தாண்டவராயன் இதை யோசித்தார். மண்டிக்காரராகையால் பங்கு என்றால் அவருக்கு உடனே விளங்கும். "சரி" என்றார். பிறகு, குரலை மாற்றாமலே, "பத்திரிகையில பேரு போடாதது என் தப்புதான். மாப்ள வீட்டுக்காரங்க பொண்ணு பாக்க வந்தப்ப நீ வரலன்னு கோவம். அன்னிக்கி உனக்கு ஜொரம்னு கல்யாணம் முடிஞ்ச அப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்கு அப்புறம் பத்திரிகைய என்னா பண்றது?"

"ஜொரம்னு சொல்லி அனுப்பினேனே."

"யாருகிட்ட சொன்ன?"

"நம்ம சீனுவாசன்கிட்ட."

"அவன் எவனுக்கு எதச் சொன்னான்?" என்றார் தாண்டவராயன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. சீனுவாசன் அவர்களுடைய பெரியப்பா மகன். அவன்மீது கோபப்பட இரண்டு பேருக்குமே சௌகரியமாக இருந்தது.

தாண்டவராயன் குனிந்து கடிகாரப் பெட்டியைப் பார்த்தார். "இதுல மணி என்னாடா நாலரை காட்டுது? இப்ப ஏழாவல? அமெரிக்கா டயமா?"

சுப்பராயலு கைக்கடிகாரத்தை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். மறுநாள் கிருஷ்ணசாமி காரணம் சொன்னார். அந்த ஊர் மின்சாரம் விநாடிக்கு அறுபது தடவை துடிக்குமாம், நம் ஊரில் ஐம்பது. துடிப்பை எண்ணித்தான் கடிகாரம் ஓடுகிறது. அதனால் நம் ஊரில் அது ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் பின்தங்கும். ஒன்பது நாளும் அது தன் போக்கில் பின்னால் போய்க்கொண்டே இருந்து, அதனுடைய ராத்திரி இரண்டு மணியை நம்முடைய பட்டப்பகலில் கொண்டுவந்து வைத்திருக்கிறது. டிரான்ஸ்பார்மர் கரண்டைப் பாதியாக்கும். துடிப்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. "இத நான் மொதல்லயே கேட்டிருக்கணும்" என்று ஒப்புக்கொண்டு, அன்றைக்குச் சீட்டாட்டத்தில் தோற்றும் யார் ஜாதகத்தையும் தொடவில்லை கிருஷ்ணசாமி.

இதை ராத்திரி அண்ணனிடம் விளக்கினார் சுப்பராயலு. தாண்டவராயன் துடிப்பு விஷயத்தைப் பாதியிலேயே கையமர்த்தினார்.

"நாலு மணி நேரம் கொறையுதுன்னா, தெனமும் ராத்திரி நாலு மணி நேரம் தள்ளி வெச்சா தீந்துது. இதுக்கு ஏன் இவ்ளோ பேச்சு? நான் தவறாம ஒம்போது மணிக்குப் படுக்கிறவன். நான் வெக்கிறேன்."

அப்படியே நடந்தது. மிஷின் அதற்குப் பிறகு பகலில் உறுமவில்லை.

அந்த வாரமே மதிலை இரண்டு செங்கல் அளவுக்குப் பெயர்த்து, தாண்டவராயன் வீட்டுப் பக்கமாகத் தெருச் சாக்கடைவரை கழிவுத் தண்ணீருக்கு ஒரு குழாய் போட்டார்கள். குழாய்க்குப் பள்ளம் தோண்ட ஆள் வைக்கலாம் என்றார் சுப்பராயலு. தன் பையன்கள் இருவரும் சும்மாதான் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்றார் தாண்டவராயன். முருங்கை பிழைக்கவில்லை. வெட்டுவதற்கு முன்னால் அதன் பச்சைக் கிளை ஒன்றை முறித்துக் கிணற்றடியில் நட்டார்கள். கிணற்றைப் பற்றி மண்டியில் யாராவது கேட்டால், இந்த வருஷம் கொஞ்சம் மாறிப்போச்சு என்று சொல்லத் தொடங்கினார் தாண்டவராயன். சொம்பில் தண்ணீர் கேட்டு வந்தவர்களுக்கு மோர் கொடுத்தார்.

கிருஷ்ணசாமி இன்னொன்றும் சொல்லியிருந்தார். வண்டியில் வருகிற உப்பில் மண் இருக்கிறது. மண் உருளைக்குள் போனால் குருணை கெட்டுப்போகும். வெள்ளை உப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆவணி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் மரக்காணத்துக்கு பஸ் ஏறினார்கள்.

உப்பளத்தில் வெயில் எல்லாப் பக்கத்திலிருந்தும் அடித்தது. பாத்திகளுக்கு நடுவே குவியல் குவியலாக உப்பு. அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண், தலையில் சும்மாட்டோடு, இவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் தடுமாறி வருவதைப் பார்த்து நின்றாள். தாண்டவராயன் மல்லாட்டை பார்க்கிற மாதிரியே உப்பைப் பார்த்தார்: குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, ஊதி, ஒரு கல்லை வாயில் போட்டுக் கடித்தார்.

"மண்ணு" என்று துப்பினார்.

அடுத்த குவியல். "இதுவும் மண்ணு."

"எதுக்குங்க உப்பு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"மிஷினுக்கு" என்றார் தாண்டவராயன்.

"மிஷினுக்குப் போடறதுக்கா வாயில போட்டுப் பாக்கறீங்க?"

"எந்தச் சரக்கா இருந்தாலும் பாத்துத்தான் வாங்கணும்" என்றார் அவர்.

அந்தப் பெண் அவர்களைத் தள்ளியிருந்த ஒரு பாத்திக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே மேலாக வாரி எடுத்த உப்பு இருந்தது. கண் கூசுகிற வெள்ளை. தாண்டவராயன் கடித்துப் பார்த்தார். தம்பிக்கும் ஒரு கல் கொடுத்தார். சுப்பராயலுவும் கடித்தார். உப்பு உப்பாக இருந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார்.

ஒரு மூட்டை கட்டி பஸ்மேல் ஏற்றினார்கள். பிரம்மதேசம் தாண்டினதும் மழை பிடித்துக்கொண்டது. சாரலாக ஆரம்பித்து உடனே வலுத்தது. சுப்பராயலு எழுந்து கண்டக்டரிடம் போய், மேலே ஒரு உப்பு மூட்டை இருக்கிறது, கரைந்துவிடும் என்றார். கண்டக்டர், மேலே ஆடுகூட இருக்கிறது, அது கரையவில்லை என்றார்.

"டேய், வண்டிய நிறுத்தச் சொல்றா" என்றார் தாண்டவராயன் பின்னாலிருந்து. அவர் ஏற்கெனவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

பஸ் நின்றது. இரண்டு பேரும் மழையில் இறங்கி, தாண்டவராயன் ஏணியில் ஏறி மூட்டையைச் சரித்துவிட, சுப்பராயலு கீழே நின்று தோளில் வாங்கினார். ஏற்கெனவே நனைந்திருந்த சாக்கிலிருந்து உப்புத் தண்ணீர் அவர் கழுத்து வழியே சட்டைக்குள் இறங்கியது. உள்ளே கொண்டுவந்து இரண்டு சீட்டுக்கு நடுவில் நிறுத்தினார்கள். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

ஈரச் சட்டையோடு இரண்டு பேரும் மூட்டையின் இரு பக்கத்திலும் உட்கார்ந்து, அது சாயாதபடி ஆளுக்கு ஒரு கை கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். மழை திண்டிவனம் வரைக்கும் விடவில்லை.